வாயை விட்டு வாய்க்காலைப் பாருங்கள்

கடைவாயில் கறுத்துக் கிடக்கும் வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம். அது மெல்லக் கொல்லும் விஷம். ஐரோப்பாவே அதைத் தடை செய்துவிட்டது. ஆகவே உங்கள் வாயில் இருப்பதை உடனே தோண்டி எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாகவும் யூடியூப் காணொளியாகவும் சில பல் மருத்துவமனைகளின் விளம்பரமாகவும் இந்த வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது. நான்கு கூற்றுகளும் ஒரே மூச்சில் வருவதால் ஒன்றிலிருந்து அடுத்தது தானாகப் பிறப்பதுபோல் தோன்றுகிறது. பிரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. பாதி பாதரசம் என்பது உண்மை. ஐரோப்பா தடை செய்தது உண்மை. மெல்லக் கொல்லும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. தோண்டி எடுங்கள் என்பது தீங்கான அறிவுரை. இரண்டு உண்மைகளை முன்னால் நிறுத்தி, அவற்றின் முதுகுக்குப் பின்னால் பொய்யை விற்கிறார்கள்.

முதலில் உண்மையை முழுசாகச் சொல்லிவிடுவோம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியோடு ஏறக்குறைய அதே எடைக்குப் பாதரசம் சேர்த்துக் குழைத்தால் இந்த அடைப்பு கிடைக்கும். பாதரசம் மற்ற உலோகங்களோடு பிணைந்துவிட்டது, இனி வெளியே வரவே வராது என்று பல் மருத்துவ உலகம் நெடுங்காலம் அடித்துச் சொன்னது. உப்பில்கூடக் குளோரின் இருக்கிறது, அதற்காக உப்பை விஷம் என்பீர்களா என்று கேட்டு நோயாளியின் வாயை அடைத்தது. அந்த வாதம் நிற்காது. உப்பைத் தின்றால் குளோரின் வாயு கிளம்புவதில்லை. வெள்ளி அடைப்பை வைத்துக்கொண்டு மென்றால் பாதரச ஆவி கிளம்பத்தான் செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பாதரச ஆவியைச் சுவாசித்துத் தானே நோயாளியான ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1926இலேயே இதை எச்சரித்தார். மென்ற பிறகு வாய்க்காற்றில் ஆவி கூடுவதை அளந்து சொன்ன கட்டுரை 1979இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இன்று பல் மருத்துவர்கள் உண்மையைச் சொன்னாலும் மக்கள் ஐயத்தோடு கேட்கிறார்கள் என்றால், ஆவியே வராது என்று அன்று சாதித்த அசட்டுத் துணிச்சலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஆக, ஆவி வருகிறது. எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. அச்சமூட்டுகிறவர்கள் இந்த இடத்தில் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். ஏழு முதல் பத்து அடைப்புகள் உள்ள ஒருவரின் உடலுக்குள் நாளொன்றுக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் பாதரசம் போகிறது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எடுத்துக்கொண்ட மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனம் 1991இல் தந்த மதிப்பீட்டின் மேல் எல்லை 17 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். வாயில் இருக்கும் அடைப்புகளில் மொத்தமே அரை கிராம் பாதரசம்தான் என்று வைத்து, நாளுக்கு 5 மைக்ரோகிராம் கணக்கில் கழித்தாலும், அது தீர 270 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அடைப்பில் எத்தனை கிராம் பாதரசம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி, அதில் எவ்வளவு உடலுக்குள் இறங்குகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கு.

உள்ளே போனதன் கணக்கைச் சிறுநீர் சொல்லிவிடும். ஆவியாகச் சுவாசித்த பாதரசம் பெரும்பாலும் சிறுநீரகத்தில் தங்கி, அங்கிருந்து மெல்ல வெளியேறும். அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடைய 1,127 ஆண்களை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வில், பத்து அடைப்புப் பரப்புகள் கூடினால் சிறுநீரில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் பாதரசம் கூடுவது தெரிந்தது. இதைத் தொழிற்சாலைகளில் கண்ட நோயோடு ஒப்பிடுங்கள். சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 100 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டும்போது கைநடுக்கம் முதலான வெளிப்படையான நஞ்சுக் குறிகள் தோன்றும் வாய்ப்பு அதிகம். 30 முதல் 100 வரை நுட்பமான பாதிப்புகள் தென்படத் தொடங்குகின்றன. வாய் நிறைய வெள்ளி அடைப்பு வைத்திருப்பவர்கூடப் பெரும்பாலும் இதற்கு வெகு கீழே நிற்கிறார்.

‘அளவு குறைவாக இருக்கலாம், ஆனால் சொட்டுச் சொட்டாகச் சேருமே, குழந்தையின் மூளை தாங்குமா’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அந்தத் தீங்கைத் தேடித்தான் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. பாஸ்டனிலும் மெய்ன் மாநிலத்திலும் ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைகள் 534 பேர். போர்ச்சுகலின் லிஸ்பனில் காசா பியா பள்ளிகளில் எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகள் 507 பேர். சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, பாதிப் பேருக்கு வெள்ளி அடைப்பும் மீதிப் பேருக்கு வெள்ளை அடைப்பும் போட்டார்கள். ஓரிடத்தில் ஐந்து ஆண்டு, மற்றோரிடத்தில் ஏழு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அறிவுத்திறன், நினைவாற்றல், கவனம், நரம்புகளின் வேகம், சிறுநீரகம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். 2006இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் இரண்டு முடிவுகளும் ஒன்றாக வெளிவந்தன. வெள்ளி அடைப்புக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் எதிர்பார்த்தபடியே சற்றுக் கூடியிருந்தது. மூளைத் திறனில் இரு குழுவுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

மறுதரப்பின் வலுவான வாதங்களையும் மறைக்கக் கூடாது. லிஸ்பன் தரவையே பின்னர் மரபணு வாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், சில மரபணு வேறுபாடுகள் உள்ள சிறுவர்களிடம் மட்டும், சில சோதனைகளில் மட்டும், பாதரசத்தோடு தொடர்பு தெரிவதாகச் சொன்னார்கள். நார்வேயில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களின் தரவை அலசி 2018இல் வெளியான ஆய்வு, அடைப்பே இல்லாத தாய்மாரிடம் 0.20 விழுக்காடாக இருந்த பிறப்பையொட்டிய சிசு இறப்பு, பதின்மூன்றோ அதற்கு மேற்பட்டோ பற்களில் அடைப்பு உள்ளவர்களிடம் 0.67 விழுக்காடாக இருந்தது என்றது. முதலாவதில் பல மரபணுக்களைப் பல சோதனைகளோடு பொருத்திப் பார்க்கும்போது சில தற்செயலாகவே பொருந்தும். இரண்டாவதில், பதின்மூன்று பற்கள் சொத்தையான பெண்ணின் வயது, வருமானம், உணவு, புகைப்பழக்கம் எல்லாமே சொத்தை இல்லாத பெண்ணினுடையதிலிருந்து வேறுபட்டிருக்கும். அவற்றையெல்லாம் கழித்துவிட்டோம் என்று அத்தகைய ஆய்வு உறுதி தர முடியாது. ஆயினும் இவற்றைத் துடைத்துப் போட வேண்டியதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் சிறு குழந்தைக்கும் புதிதாக வெள்ளி அடைப்பு போடாமல் இருப்பதற்கு இந்த ஐயம் போதும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் சொன்னதும் இதைத்தான். கருவுற்றவர், கருவுறத் திட்டமிடுபவர், பாலூட்டும் தாய், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, நரம்பு நோயாளி, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர், பாதரச ஒவ்வாமை உள்ளவர் ஆகியோருக்கு வேறு பொருளை நாடலாம் என்றது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்காதீர்கள் என்றும் சொன்னது. காணொளிக்காரர்கள் முதல் பாதியைப் படித்துக் காட்டுவார்கள். இரண்டாம் பாதி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அடுத்ததாக வருவது அனுபவச் சாட்சி: ‘எடுத்துப் போட்டேன், தலைவலி போயிற்று, களைப்பு போயிற்று.’ அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தலைவலி போனதற்குக் காரணம் அடைப்பை எடுத்ததுதானா என்று மட்டும் கேட்கிறேன். ஜெர்மனியில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தங்கள் நோய்க்கு வெள்ளி அடைப்பே காரணம் என்று நம்பிய 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு அடைப்பை எடுத்தார்கள். இரண்டாம் குழுவுக்கு அடைப்பை எடுத்து, நச்சு நீக்கும் சிகிச்சை என்று சொல்லப்படுவதையும் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவின் அடைப்பைத் தொடவே இல்லை. வாழ்க்கை முறையைச் சீர்படுத்தும் பயிற்சி மட்டும் அளித்தார்கள். ஓராண்டு கழித்து மூன்று குழுவுக்கும் தொல்லை குறைந்திருந்தது. குழுக்களுக்கு இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2008இல் வெளியான இந்த ஆய்வில் அடைப்பை எடுத்தவர்களின் உடலில் பாதரசம் குறைந்தது மெய்தான். ஆனால் பாதரசம் குறைந்தவருக்கும் குறையாதவருக்கும் நோய் ஒரே மாதிரி தணிந்தால், நோய்க்குப் பாதரசம் எப்படிக் காரணமாகும்?

மறதி நோய்க்கும் வெள்ளி அடைப்புக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் அல்சைமர் நோயால் இறந்த 68 பேரின் மூளையையும், அந்நோய் இல்லாமல் இறந்த 33 பேரின் மூளையையும் ஒப்பிட்டு 1999இல் வெளியான ஆய்வு, அடைப்புக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது. ஸ்வீடனில் இரட்டையர்கள் 587 பேரை வைத்து 1996இல் செய்த ஆய்விலும் அடைப்பால் உடல்நலமோ மனநலமோ கெட்டதாகத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அச்சம் ஏன் அடங்கவில்லை? அச்சத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல் மருத்துவர் ஹால் ஹக்கின்ஸ், நரம்பு நோய் முதல் பலவற்றுக்கும் வெள்ளி அடைப்பே மூலம் என்று புத்தகம் எழுதி, அதை எடுக்கும் சிகிச்சையைப் பெரிய தொழிலாகவே நடத்தினார். 1996இல் அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது. அந்தத் தொழிலின் சூட்சுமங்களில் ஒன்று இன்றும் நடக்கிறது. உடலிலுள்ள உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிப்பார்கள். அந்த மருந்தை யாருக்குக் கொடுத்தாலும், வாயில் ஒரு அடைப்பும் இல்லாதவருக்குக் கொடுத்தாலும், சிறுநீரில் பாதரசம் ஏறும். ஏறிய எண்ணை, மருந்து குடிக்காதவர்களின் இயல்பான அளவோடு ஒப்பிட்டு, ‘பாருங்கள், உடம்பெல்லாம் விஷம்’ என்று சிவப்பு மையில் அச்சிட்டுத் தருவார்கள். இன்னொரு சோதனை தலைமுடி. முடியில் சேர்வது பெரும்பாலும் மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம். மீன் தின்பவரின் முடியை வெட்டிச் சோதித்துவிட்டுப் பழியைப் பல் மேல் போடுகிறார்கள்.

எடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்ப்போம். இறுகிய அடைப்பைச் சுழலும் கருவியால் குடையும்போது சூடு ஏறி, ஆவியும் துகளும் கிளம்பும். தண்ணீரைப் பீய்ச்சி, வலுவான உறிஞ்சு குழாய் வைத்து, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி வேலை செய்தால் குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது. வாயில் சும்மா கிடந்தபோது வராத அளவு ஆவி, எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் வருகிறது. அதைவிடப் பெரிய இழப்பு பல்லுக்கு. ஒவ்வொரு முறை அடைப்பை எடுக்கும்போதும் அதோடு நல்ல பல்லும் கொஞ்சம் போகும். குழி பெரிதாகும், நரம்பு நெருங்கும். அடுத்த சுற்றில் ரூட் கெனால், அதற்கடுத்துக் கேப், கடைசியில் பல்லே போய்விடும். பதினைந்து ஆண்டு உழைத்துக் கொண்டிருக்கும் அடைப்பை எடுத்து இந்தப் பாதையில் தள்ளிவிடுபவர் நோயாளிக்கு என்ன நன்மை செய்தார்?

இனி ஐரோப்பாவின் தடைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் இதுதான்: ‘தீங்கில்லை என்றால் ஏன் தடுத்தார்கள்?’ 2008இல் நார்வே பாதரசப் பொருள்களைத் தடுத்தது. 2009இல் ஸ்வீடன் தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கும் வெள்ளி அடைப்பை நிறுத்தியது. 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை உள்ள சில விதிவிலக்குகள் தவிர, எல்லோருக்குமே நிறுத்திவிட்டது. ஆனால் அதே ஒன்றியத்தின் அறிவியல் குழு 2015இல் ஆதாரங்களை அலசி, பொது மக்களுக்கு வெள்ளி அடைப்பையோ மாற்றுப் பொருளையோ பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்று அறிக்கை தந்திருந்தது. பிறகு எதற்குத் தடை? ஐரோப்பாவில் பாதரசம் பயன்படும் மற்ற வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டபின், ஆண்டுக்கு ஏறக்குறைய 40 டன் பாதரசத்தை விழுங்கிக்கொண்டு மிச்சமிருந்த பெரிய வழி பல் அடைப்புதான். தடையின் இலக்கு ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் பாதரசம்.

அந்தப் பாதரசம் போகும் வழி பல் மருத்துவரின் துப்பல் தொட்டியில் தொடங்குகிறது. குடைந்தெடுத்த துகள் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. பிணத்தை எரிக்கும்போது வாயிலிருந்த பாதரசம் புகையோடு போகிறது. நீர்நிலையின் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏற அது செறிந்துகொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைக் கழிவால் மக்களை முடக்கியதும் கொன்றதும் இந்த மெத்தில் பாதரசமே. அந்த ஊரின் பெயரில் 2013இல் உருவான உலக உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. வெள்ளி அடைப்பை 2034க்குள் உலகெங்கும் நிறுத்துவது என்று அதன் உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவெடுத்தன. நல்ல முடிவு, நான் வரவேற்கிறேன். ஆனால் சாக்கடையையும் கடலையும் காக்க எடுத்த முடிவை உங்கள் கடைவாயைத் தோண்டுவதற்கான சான்றிதழாக மாற்றுவது மோசடி. சொல்லப்போனால், உலகத்தில் உள்ள நல்ல அடைப்புகளையெல்லாம் இன்றே தோண்டினால், பல பத்தாண்டுகளில் போக வேண்டிய பாதரசம் ஒரே ஆண்டில் சாக்கடைக்குப் போய்ச் சேரும். தடையின் நோக்கத்துக்கே அது எதிர்.

பாதரசம் யாரைத் தாக்கும் என்று அறிய நாம் ஜப்பான்வரை போக வேண்டியதில்லை, கொடைக்கானல் போதும். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல். நாள் முழுதும் மூடிய கூடத்தில் ஆவியைச் சுவாசித்தவர்கள் அவர்கள். பல் மருத்துவத்திலும் அந்த இடத்தில் நின்றவர் நோயாளி அல்ல. பாதரசத்தையும் பொடியையும் குழவியில் அரைத்து, மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்து வெறுங்கையால் பிழிந்த உதவியாளர்தான் அங்கே நின்றார். அளவிட்டு அடைத்த குப்பி வந்த பிறகே அந்த வேலை ஒழிந்தது. அந்த உதவியாளருக்காக ஒரு காணொளியும் நான் கண்டதில்லை.

பணம் இந்தச் சண்டையில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1833இல் பிரான்சிலிருந்து போன கிராகூர் சகோதரர்கள் நியூயார்க்கில் இந்த மலிவான அடைப்பைப் பரப்பியபோது, தங்கத் தகடு வைத்து அடைத்துவந்த மருத்துவர்கள் கொதித்தார்கள். அமெரிக்கப் பல் அறுவையர் சங்கம் இதைத் தொட மாட்டேன் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கியது. ஏழைக்கும் பல் அடைக்க முடிகிற பொருளை மக்கள் விடவில்லை; சங்கம்தான் 1856இல் கலைந்தது. பாதரசம் பற்றிய அச்சம் அந்த மருத்துவர்களிடம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதோடு தங்கத்தின் வருமானமும் இருந்தது.

இன்றும் கணக்கு அப்படியே. பல் நிறத்து அடைப்பு அழகானது. சிறு குழிக்குப் பல்லை அதிகம் வெட்டாமல் ஒட்டவைக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டும் நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு தளரும். அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்க வேண்டும். நேரமும் கைத்திறனும் கூடுதலாக வேண்டும். லிஸ்பன் குழந்தைகளிடம் ஏழு ஆண்டு முடிவில் வெள்ளி அடைப்புகளில் 94.4 விழுக்காடு நிலைத்தன. வெள்ளை அடைப்புகளில் 85.5 விழுக்காடு. அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழும் வாய்ப்பு வெள்ளையில் மூன்றரை மடங்கு. காக்ரேன் அமைப்பு 2014இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கடைவாய்ப் பற்களில் வெள்ளை அடைப்பு ஏறக்குறைய இரு மடங்கு தோற்பது தெரிந்தது. வசதி உள்ளவர் மறுபடி போய் அடைத்துக்கொள்வார். அரசு மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றவர் மறுபடி வர மாட்டார். அடுத்த முறை பல்லைப் பிடுங்கத்தான் வருவார்.

ஆகவே 2034ஐ நோக்கிப் போகும் வழியில் அரசிடம் கேட்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு பல் மருத்துவமனையின் கழிவுநீர்க் குழாயிலும் பாதரசத் துகளைப் பிடித்து நிறுத்தும் கருவி கட்டாயமாக வேண்டும். உரிய தரத்தில் இருந்தால் அது துகளில் 95 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அரசு மருத்துவமனைகளுக்கு மாற்றுப் பொருளும் அதைப் போடும் பயிற்சியும் போதிய நேரமும் வேண்டும். மின்கருவி இல்லாத ஊரிலும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, புளோரைடு கசியும் கண்ணாடி அயனோமரால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவாகி உலகெங்கும் பரவியது. பள்ளிக் குழந்தைகளுக்கு அதைக் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சொத்தையே விழாமல் தடுக்க, சர்க்கரையைக் குறைக்கவும் புளோரைடு பற்பசையால் துலக்கவும் பழக்க வேண்டும். அடைப்பே தேவைப்படாத வாயில் எந்தப் பொருளின் வாதமும் எழாது.

உங்கள் வாயில் ஏற்கெனவே வெள்ளி அடைப்பு இருந்தால், விரிசல் இல்லை, ஓரத்தில் சொத்தை இல்லை, ஒவ்வாமை இல்லை என்றால், அதை விட்டுவிடுங்கள். புதிதாக அடைக்க வேண்டியிருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கோ கருவுற்ற பெண்ணுக்கோ என்றால், மாற்றுப் பொருளைக் கேளுங்கள். ‘விஷம், உடனே எடுத்துவிடலாம்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், எடுத்த துகள் எந்தக் குழாயில் எங்கே போகும் என்று அவரிடம் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாதவருக்குப் பாதரசத்தைப் பற்றி உங்களை மிரட்டும் தகுதி இல்லை.